ஏ.எம்.எச் குறைவுன்னா எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு இல்லங்க

கல்யாணம் கட்டும்போது எனக்கு 37. தங்கச்சிமார் ரெண்டு பேரையும் கரை சேர்த்துட்டுத்தான் எனக்குன்னு இருந்தேன், அப்பா இல்லாத வீட்டுல மூத்தது பொம்பளப் புள்ளையாப் போனா நம்ம தோட்டப் பக்கம் எப்படின்னு உங்களுக்கே தெரியும். இப்ப 39. ஹட்டன் பக்கத்துல ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கேன், இவரு டவுன்ல ஒரு கடையில வேலை. "என்னா டீச்சர், ஏதும் விசேஷம் இல்லையா"ன்னு கேக்காத ஆள் இல்ல. சடங்கு வீட்டுல தண்ணி ஊத்தக் கூப்பிடும்போது என்னைத் தாண்டி பக்கத்துல நிக்கிறவளக் கூப்பிடுவாங்க, அதை எழுதினா விடிய விடிய எழுதலாம், இன்னைக்கு நான் சொல்ல வந்தது ஹோர்மோன் ரிப்போட் பத்தி.

மொதல்ல ஒண்ணு. "ஒரு வருஷம் பாருங்க, தன்னால தங்கும்"னு எல்லாரும் சொல்றாங்கல்ல, அது 35க்குக் கீழ இருக்கிறவங்களுக்கு. 35 தாண்டிட்டா ஆறு மாசம் பார்த்துட்டு டொக்டர்கிட்ட போகணும், 40 ஆயிட்டா காத்திருக்கவே வேணாம்.

ஏ.எம்.எச்ன்னா முட்டைக் கையிருப்பு பார்க்கிற ஹோர்மோன் ரத்தப் பரிசோதனை. என்னோடது 0.9, அது கொறவுதான். தாளைக் கையில குடுத்தவரே, அவரு டொக்டர் கூட இல்ல, "முட்டை முடியப்போற நெலமை மிஸ், லேட் பண்ணிட்டீங்க"ன்னு சொல்லிட்டாரு. கண்டியில பஸ் ஏறினவ, கினிகத்தேனை வர்ற வரைக்கும் அழுகை நிக்கல. ஒரு மனுஷிகிட்ட அப்படிச் சொல்லலாமா? அதுக்கப்புறம் சேனல் பண்ணிப் பார்த்த லேடி டொக்டர்தான் அதே தாளைத் திருப்பிப் போட்டு பின்பக்கத்துல பேனாவால கோடு போட்டு வெளங்கப்படுத்தினாங்க.

ஏ.எம்.எச் சொல்றது கையிருப்புல முட்டை எவ்வளவு இருக்குன்னு மட்டும்தான். ஒரு பொம்பளப் புள்ள பொறக்கும்போதே பத்து இருபது லட்சம் முட்டையோட பொறக்குது, வயசுக்கு வரும்போது மூணு நாலு லட்சம், அப்புறம் மாசாமாசம் கொறஞ்சுகிட்டே போகும், புதுசா உருவாகாது. மடுவத்துல கொழுந்து நிறுக்கும்போது கிலோ எவ்வளவுன்னு தராசு சொல்லும், எளசா முத்தலான்னு தராசு சொல்லுமா, அப்படித்தான் இதுவும். முட்டையோட தரம் வயசோட ஒட்டினது, ஏ.எம்.எச் அதைக் காட்டாது. 2017ல அமெரிக்க மருத்துவச் சங்கத்தோட ஜேர்னல்ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, 30ல இருந்து 44 வயசு வரைக்கும், குழந்தைக்காக அப்பத்தான் முயற்சி தொடங்கின 750 பொம்பளைங்களைப் பார்த்திருக்காங்க, ஏ.எம்.எச் கொறஞ்சவங்களுக்கு இயற்கையா கரு தங்குறது அதனால கொறஞ்சதாத் தெரியல. ஐ.வி.எஃப், அதாவது முட்டையை வெளிய எடுத்து லெப்புல கரு உருவாக்குற சிகிச்சை, பண்றவங்களுக்கு இந்த நம்பர் முக்கியம், ஊசி போட்டா எத்தனை முட்டை கிடைக்கும்னு கணக்குப் போட.

அதுக்காக வயசை மறைச்சுப் பேசவும் நான் வரல. 30 வயசுல ஒரு மாசத்துக்கு நூத்துக்கு இருபது வாய்ப்புன்னா 40ல அஞ்சு கிட்டத்தட்ட. கொறவுதான், ஆனா இல்லாமப் போயிடல.

இன்னொன்னு, லெப்புக்கு லெப் ஏ.எம்.எச்சை அளக்கிற அலகு மாறும். கூடப் படிப்பிக்கிற டீச்சரோட அக்காவுக்கு 6.4ன்னு வந்துச்சு, கேட்டதும் எனக்கு வயிறு எரிஞ்சுச்சு, பார்த்தா அது பிகோமோல் கணக்கு, என்னோடது நனோகிராம் கணக்கு. 0.9ஐ 7.14ஆல பெருக்கிப் பாருங்க, ரெண்டும் ஒண்ணுதான்.

ஏ.எம்.எச் எந்த நாளும் எடுக்கலாம். எஃப்.எஸ்.எச், அதாவது முட்டையை வளர வைக்கிற ஹோர்மோன், கையிருப்பு கொறஞ்சா இது கூடும், அது அப்படி இல்ல, பீரியட்ஸ் வந்து ரெண்டாம் நாள் இல்ல மூணாம் நாள் எடுக்கணும், கூடவே ஈஸ்ட்ரடியோல்ங்கிற பொம்பள ஹோர்மோனும் எடுக்கணும், ஏன்னா ஈஸ்ட்ரடியோல் கூடியிருந்தா எஃப்.எஸ்.எச்சை அமுக்கி நல்லா இருக்கிற மாதிரி காட்டிரும். நம்ம பக்கம் அந்த நாள் போயா லீவுல விழுந்தா அந்த மாசம் போச்சு. முட்டை வெளியாச்சான்னு பார்க்க 21ஆம் நாள் டெஸ்ட்டுன்னு எழுதிக் குடுக்கிற ப்ரொஜெஸ்டிரோன் 28 நாள் சுத்துக்காரங்களுக்குத்தான் 21, உங்களுக்கு 35 நாளுக்கு ஒருக்கா வருதுன்னா 28ஆம் நாள் பக்கம் எடுக்கணும், டொக்டர்கிட்ட இதைக் கட்டாயம் சொல்லுங்க.

எனக்கு டி.எஸ்.எச்சும், அதாவது தைரொய்ட் டெஸ்ட்டும், கொஞ்சம் கூட. அதுக்கு தைரொக்சின் மாத்திரை குடுத்தாங்க. வெறும் வயித்துல தண்ணியோட போட்டு, அரை மணித்தியாலமாவது ஒண்ணும் குடிக்கக்கூடாது, தேத்தண்ணியும்தான். மலையில பொறந்தவளுக்கு விடிய எழும்பினதும் பிளேன்டீ இல்லாம கண்ணே தொறக்காதுங்க! அத்தை இப்ப என் கிளாஸை மூடி அடுப்போரமா வச்சுட்டு, அவங்களும் குடிக்காம எனக்காக காத்துகிட்டு இருப்பாங்க. இரும்புச்சத்து மாத்திரையும் குடிக்கிறவங்க அதுக்கும் இதுக்கும் நாலு மணித்தியாலம் இடைவெளி விடணும், ஒண்ணா முழுங்கினா தைரொக்சின் ஒழுங்கா ஒடம்புல சேராது.

இப்ப ஆம்பளைங்க கதை. குழந்தை இல்லாத சோடிகள்ல பாதிக்குப் பாதி ஆம்பள பக்கமும் காரணம் இருக்கு. ஆனா நம்ம வீடுகள்ல பொம்பளைக்கு எல்லா டெஸ்ட்டும் முடிஞ்சு, நேத்தி வச்சு, கோயில்ல தொட்டில் கட்டி, அப்புறமும் அவருக்கு ஒரு டெஸ்ட் எடுக்க மாட்டாங்க. மாமா "எங்க பரம்பரையில அப்படி ஒண்ணும் கெடையாது"ன்னு கத்தினாரு. இவரு ஒண்ணும் பேசல, மறுவாரம் லீவு போட்டு தானா கெளம்பினாரு, அன்னைக்கு இவர் மேல எனக்கு வந்த மரியாதை கொஞ்சநஞ்சமில்ல. ரெண்டுல இருந்து ஏழு நாள் வரைக்கும் சேராம இருந்துட்டு விந்து குடுக்கணும், ஒரு மணித்தியாலத்துக்குள்ள லெப்புல சேர்க்கணும், நம்ம தூரத்துக்கு வீட்டுல எடுத்துக்கிட்டுப் போறதெல்லாம் நடக்காது, அங்கேயே குடுக்க ரூம் இருக்கான்னு முன்னாடியே கோல் பண்ணி கேட்டுக்கோங்க. ரிப்போட் கொஞ்சம் கொறவா வந்தாலும் பயப்படாதீங்க, விந்து உருவாக ரெண்டரை மூணு மாசம் ஆகும், சிகரெட், சாராயத்தை விட்டுட்டு மூணு மாசம் கழிச்சு திரும்ப எடுப்பாங்க.

அடுத்து எனக்கு கருக்குழாய் எக்ஸ்ரே, பீரியட்ஸ் நின்னதும் மை மாதிரி ஒரு மருந்தை உள்ள விட்டு குழாய் தொறந்திருக்கான்னு பார்ப்பாங்க. அது சரின்னாத்தான் லெட்ரசோல். அந்த மாத்திரைப் பெட்டிக்குள்ள இருக்கிற தாளுல மார்புப் புற்றுநோய்க்குன்னு போட்டிருக்கும், பயந்துடாதீங்க, முட்டை வெளியாகவும் அதையே அஞ்சு நாளைக்குக் குடுப்பாங்க.

டெஸ்ட்டுக்கெல்லாம் காசு இல்லன்னாலும் இன்னைக்கே ஒண்ணு செய்யலாம். உங்க தோட்டத்துக்கு வர்ற மிட்வைஃப் மிஸ்கிட்ட ஃபோலிக் அசிட் கேளுங்க, குழந்தைக்கு முயற்சி பண்றோம்னா முன்னாடியே குடுப்பாங்க, காசு இல்ல. குழந்தையோட முதுகுத்தண்டு கரு தங்கி நாலு வாரத்துலயே மூடிரும், நாள் தள்ளிப்போச்சுன்னு நமக்குத் தெரியும்போது அது பாதி முடிஞ்சிருக்கும், அதனாலதான் முன்கூட்டியே.

எனக்கு இந்த மாசம் வந்தா குழாய் எக்ஸ்ரேக்கு டேட் எடுக்கணும். வரலன்னா அந்தச் செலவு மிச்சம், மொதல்ல அத்தைகிட்டத்தான் ஓடிப்போய் சொல்லுவேன்.