பழைய ஆம்ப், புது ஸ்பீக்கர், ஒரு ரூபாய் அகலத்துக்குப் பெயிண்ட்

என் ஸ்விஃப்ட் 2014 மாடல். காரோடு வந்த கதவு ஸ்பீக்கரில் ஒன்று போன மழைக்காலத்தில் கரகரக்க ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால் காகிதக் கூம்பு ஈரத்தில் ஊறி ஓரம் பிய்ந்திருந்தது. சரி, மாற்றுவதுதான் மாற்றுகிறோம், கொஞ்சம் நல்லதாகவே போடலாம் என்று சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு ஜோடி 6.5 இன்ச் கோஆக்சியல் ஸ்பீக்கர் (பெரிய கூம்பின் நடுவிலேயே மேல்ஸ்வரங்களுக்கு ஒரு குட்டி ஸ்பீக்கரும் இருப்பது) வாங்கி, முன் கதவு இரண்டிலும் நானே பூட்டினேன். ஒவ்வொன்றும் 45 வாட் ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தாங்கும் அளவு.

சத்தம் முன்பைவிடத் தெளிவாக இருந்தது, ஆனால் உயிர் இல்லை. மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலை கணீரென்று கேட்டது. இடது முகமான தொப்பியில் விழும் கும்கி, அந்தத் தாழ்ந்த ‘கூம்’, போன இடம் தெரியவில்லை. வால்யூமை ஏற்றினால் பாட்டு கிழிந்தது.

காரணம் செட், அதாவது டேஷ்போர்டில் இருக்கும் கார் ஸ்டீரியோ. கடையில் இருக்கும் கார் செட்டுகளில் ‘50 வாட் × 4’ என்று அச்சடித்திருப்பார்கள். அது எப்படி வருகிறதென்று ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டி ஓடும்போது கிடைப்பது 14.4 வோல்ட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அந்த 14.4 வோல்ட்டையும் சதுர அலையாக அப்படியே கொடுத்தால் 14.4 × 14.4 ÷ 4, ஏறக்குறைய 52 வாட். சதுர அலை என்றால் அது பாட்டு இல்லை, இரைச்சல். ஒழுங்கான சைன் அலைக்கு அதில் பாதி, 26 வாட். அதுவும் காகிதத்தில்தான். நடைமுறையில் சுத்தமாகக் கிடைப்பது பதினைந்து இருபது வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் 12 வோல்ட்டை உள்ளேயே ஏற்றிக்கொள்ளும் தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வேண்டும்.

புது ஆம்ப் விலையைப் பார்த்துவிட்டு வீட்டில் வாயே திறக்கவில்லை. பழசு தேடினேன். மேடவாக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன் தன் காரை விற்குமுன் ஆம்ப்பைக் கழற்றி வைத்திருந்தான். 4 சேனல் (நான்கு ஸ்பீக்கர்களை ஓட்டலாம்), ஏபி கிளாஸ் என்ற வகை, சேனலுக்கு 50 வாட். மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

நான் எலக்ட்ரீஷியன் இல்லை, ஆபீஸில் எக்செல் பார்க்கிறவன். ஆனாலும் பழசு வாங்கப் போகிறவன் கையை வீசிக்கொண்டு போகக் கூடாது என்று மல்டிமீட்டரும் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றும் எடுத்துப் போனேன். முதலில் ஃபியூஸ். பெட்டியில் 30 ஆம்பியர் என்று அச்சாகியிருந்தது, உள்ளே இருந்ததும் 30தான். அங்கே 40 சொருகியிருந்தால் முந்தைய ஆள் ஃபியூஸ் எரிந்து எரிந்து அலுத்துப்போனவன் என்று அர்த்தம். அடித்தகட்டின் திருகுகளைக் கழற்றி மூக்கை உள்ளே விட்டேன். கருகல் வாடை இல்லை, கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாகவே இருந்தது. பையன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். “டாக்டர் மாதிரி பாக்குறீங்க அண்ணா” என்றான்.

பல்பு எதற்கென்றால், பேட்டரிக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் பிளஸ் ஒயரில் அதைத் தொடராகப் போட்டு ஆன் செய்ய வேண்டும். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருக்கும், ஆம்ப் புகையாது. நல்ல ஆம்ப் என்றால் கெப்பாசிட்டர் நிரம்பும் அந்த ஒரு நொடி பளிச்சென்று மின்னிவிட்டு மங்கிவிடும். மின்னியது, மங்கியது, பச்சை லைட் வந்தது. செட்டின் ஸ்பீக்கர் ஒயரை நேராக ஆம்ப்பில் கொடுக்க உதவும் ஸ்பீக்கர் லெவல் இன்புட்டுக்கான பிளக் மட்டும் தொலைந்துபோயிருந்தது. அதைச் சொல்லி இருநூறு ரூபாய் குறைத்தேன்.

பொங்கல் லீவில் வேலையைத் தொடங்கினேன். முதல் வேலை பேட்டரி மைனஸைக் கழற்றுவது. ஆம்ப் வைக்கப்போவது இடப்பக்க முன் சீட்டுக்கு அடியில். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் கண்ணில் பட்டால் கை வைக்கக் கூடாது, அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது.

ஒயர் வாங்கும்போது கொஞ்சம் ஏமாந்தேன். பாக்கெட்டில் ‘8 கேஜ், காப்பர்’ என்றுதான் இருந்தது. வீட்டில் நுனியை பிளேடால் சீவினால் செம்புத் தோலுக்குள் வெள்ளி நிறம். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு இன்னொரு நடை போய், அறுத்த முகத்திலும் செம்பாகவே தெரிந்ததை வாங்கினேன். 200 வாட் ஆம்ப் முழு மூச்சில் ஓடினால் 25 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஐந்து மீட்டர் ஓடுகிற ஒயரில் அலுமினியத்துக்கு நான் தயாராக இல்லை.

பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு 30 ஆம்பியர் ஃபியூஸ். ஆம்ப்பிலேயே ஒன்று இருக்கிறதே, இது எதற்கு என்று நானும் கேட்டவன்தான். இது ஒயருக்குக் காவல். எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் ஓட்டையின் தகட்டு விளிம்பில் ஒயர் உரசித் தோல் உரிந்தால், பேட்டரி நூற்றுக்கணக்கில் ஆம்பியரை அதில் கொட்டும், ஒயர் தீப்பிடிக்கும். அதனால் ஃபியூஸும் வேண்டும், அந்த ஓட்டையில் ரப்பர் புஷ்ஷும் வேண்டும். கம்பெனி ஒயர்கள் நுழையும் ரப்பரிலேயே ஒரு ஓரமாகக் குத்தி, ஹேங்கர் கம்பியில் ஒயரைக் கட்டி இழுத்தேன். எழுத ஒரு வரிதான், அன்று காலைப் பொழுது முழுக்க அதிலேயே போயிற்று.

காரோடு வந்த செட்டில் ஆம்ப்புக்குச் சிக்னல் அனுப்பும் ஆர்.சி.ஏ. அவுட்புட் கிடையாது. செட்டுக்குப் பின்னால் முன் கதவுகளுக்குப் போகும் ஒயர்களை வெட்டினேன். செட் பக்கத்து முனைகள் ஸ்பீக்கர் சிக்னலை ஆம்ப்புக்கேற்ற அளவுக்குக் குறைக்கும் ஒரு ஹை-லோ கன்வெர்ட்டருக்கு, அங்கிருந்து ஆர்.சி.ஏ. கேபிளில் ஆம்ப்புக்கு. ஆம்ப்பின் அவுட்புட் திரும்ப டேஷ்போர்டுக்கே வந்து கதவுப் பக்கத்து முனைகளில் சேரும். கதவு வரைக்கும் புது ஒயர் இழுக்கவில்லை. 40 வாட்டுக்கு 3 ஆம்பியர் சொச்சம்தான், கம்பெனி ஒயரே தாங்கும். பின் ஸ்பீக்கர்களைத் தொடவில்லை. செட்டின் ஸ்பீக்கர் மைனஸை மட்டும் தப்பித்தவறிக்கூட வண்டியின் தகட்டு பாடியில் கொடுத்துவிடக் கூடாது. இந்த செட்டுகளில் மைனஸ் ஒயரிலும் சிக்னல் ஓடுகிறது, பாடியில் பட்டால் செட் போய்விடும்.

ஆம்ப்பை எழுப்ப, ‘ஆன் ஆகு’ என்று 12 வோல்ட் கொடுக்கும் ரிமோட் ஒயர் வேண்டும். செட்டில் அதுவும் இல்லை. ஃபியூஸ் பாக்ஸில் மல்டிமீட்டர் வைத்து, 12 வோல்ட் காட்டிய ஒரு ஃபியூஸிலிருந்து கிளை ஒயர் எடுத்தேன். எர்த்துக்கு, அதாவது ஆம்ப்பின் மைனஸ் ஒயரை வண்டித் தகட்டோடு சேர்க்க, சீட் போல்ட். கையெட்டும் தூரத்தில் கனமான போல்ட் இருக்கும்போது வேறெங்கே தேடுவது? ஆன் செய்தேன், பாடியது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

லீவு முடிந்து வண்டியை எடுக்கப் போனால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தது. பழைய ஆம்ப் கரண்டைக் குடிக்கிறது என்று முடிவு கட்டி மேடவாக்கத்துக்குப் போன் போட்டேன்.

“அண்ணா, சாவியை எடுத்ததும் ஆம்ப் லைட் அணையுதா?”

போய்ப் பார்த்தேன். சாவி என் பாக்கெட்டில், சீட்டுக்கு அடியில் மங்கலாகப் பச்சை. நான் பிடித்தது சாவி இல்லாமலும் கரண்ட் இருக்கும் ஃபியூஸ். சாவி போட்ட நிலையில் மட்டும் சோதித்திருந்தேன், எடுத்த பிறகு சோதிக்கவில்லை. ஆம்ப் சும்மா இருந்தாலே ஒரு ஆம்பியர் போல இழுக்கும். இரண்டு நாளுக்கு மேல் நின்றால் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் என்ன மிஞ்சும்? பக்கத்து வீட்டு சார் காரிலிருந்து ஜம்பர் போட்டு எடுத்தேன். கிளை ஒயரை, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஏ.சி.சி. ஃபியூஸுக்கு மாற்றினேன்.

அடுத்த ஞாயிறு செட்டைச் சட்டத்தில் வைத்து நிரந்தரமாக மூடினேன். ஆன் செய்தால் சிவப்பு லைட், புரொடெக்ட்: ஏதோ கோளாறு என்று ஆம்ப் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. மறுபடியும் போன், இந்தத் தடவை கொஞ்சம் சூடாக. “பிடிக்கலன்னா திருப்பிக் குடுத்துடுங்க அண்ணா, காசு தரேன். அதுக்கு முன்னாடி ஸ்பீக்கர் ஒயரை மட்டும் கழட்டிட்டு ஆன் பண்ணிப் பாருங்க.” கழற்றினேன், பச்சை. மாட்டினேன், சிவப்பு. செட்டை வெளியே இழுத்துப் பார்த்தால் ஒயர் மாட்டியிருக்கும்போதே பச்சை! உள்ளே தள்ளினால் சிவப்பு. ஒயர்களை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தேனே, அதில் ஓர் இணைப்பிலிருந்து தலைமுடி போல ஒரு செம்பு இழை டேப்பைக் குத்திக்கொண்டு வெளியே வந்து, செட்டின் பின்சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. எல்லா இணைப்பையும் பிரித்து சால்டர் வைத்து சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டேன்.

பிரித்ததோடு பிரித்ததாக ஸ்பீக்கர் திசையையும் சரிபார்த்தேன். ஒரு பென்சில் செல்லை ஸ்பீக்கர் ஒயரில் தொட்டால், பிளஸும் மைனஸும் சரியாக இருந்தால் கூம்பு வெளியே எட்டிப் பார்க்கும். இடது கதவில் உள்ளே போயிற்று. ஸ்பீக்கர் பூட்டிய நாளிலிருந்தே ஒன்று தள்ள ஒன்று இழுத்துக்கொண்டு, தாழ்ந்த ஸ்வரங்களை ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்திருக்கின்றன. செட்டைத் திட்டியதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புறம் கெயின். அது வால்யூம் இல்லை. செட் அனுப்பும் சிக்னலும் ஆம்ப்பின் வரம்பும் ஒன்றுக்கொன்று பொருந்தும் இடம். 45 வாட் ஸ்பீக்கருக்கு 40 வாட் போதும் என்று வைத்தேன். 40 × 4 = 160, அதன் வர்க்கமூலம் 12.65 வோல்ட். ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, பென் டிரைவில் 200 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, செட்டை முக்கால் வால்யூமில் வைத்து, ஆம்ப் அவுட்புட்டில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு, 12.6 வரும் வரை திருகினேன். பலர் 1000 ஹெர்ட்ஸ் என்பார்கள். என்னுடையது போன்ற மலிவு மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் சொல்வதை நம்ப முடியாது. கடைசியில், தாழ்ந்த ஒலியைத் தடுக்கும் ஹை பாஸை 80 ஹெர்ட்ஸில் வைத்து ஸ்பீக்கரை மாட்டினேன்.

எஞ்சின் அணைந்திருக்கும்போது அருமை. ஸ்டார்ட் செய்தால் பின்னணியில் மெல்லிய ‘ங்ஙீ…’ ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் சுருதி ஏறுகிறது. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒவ்வொரு கியருக்கும் ஒரு ஆலாபனை. கியர் மாற்றினால் இறங்கி மறுபடி ஏறும். வண்டி ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் சத்தம். மூன்றாவது போன்.

“எர்த் எங்க குடுத்தீங்க?”

“சீட் போல்ட்ல.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அதை முதல்ல கழட்டுங்க அண்ணா.”

வண்டியை ஓடவிட்டு, பாட்டைச் சத்தமாக வைத்து, ஆம்ப்பின் எர்த் முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் நீள ஒயர் வைத்து அளந்தேன். 0.4 வோல்ட், அதுவும் பாட்டின் தாளத்துக்கு ஆடிக்கொண்டு. பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடம் அது. போல்ட்டைச் சுற்றி நல்ல கனமான பெயிண்ட். கரண்ட் போல்ட்டின் மரை வழியாக ஏதோ கொஞ்சம் போய்க்கொண்டிருந்தது. மிச்சம் ஆர்.சி.ஏ. கேபிளின் உறை வழியாகச் செட்டின் எர்த்தைத் தேடி ஓடியிருக்கிறது, ஆல்டர்னேட்டர் இரைச்சலையும் கூட்டிக்கொண்டு. தவிர, விபத்தில் ஆளைப் பிடித்து நிறுத்த வேண்டிய சீட் போல்ட்டுக்கு அடியில் ஒயர் முனை வளையமான லக்கைச் சொருகியதே தப்பு.

கார்பெட்டைத் தூக்கினால், ஆம்ப்பிலிருந்து ஒரு சாண் தூரத்தில் குறுக்குச் சட்டத்தில் காலியாக ஒரு மரை ஓட்டை இருந்தது. உப்புத்தாள் வைத்து ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பெயிண்டைத் தேய்த்தேன். முதலில் வண்டியின் நிறம், அப்புறம் சாம்பல் நிற பிரைமர். இதுதான் தகடு என்று நினைத்து நிறுத்தப் பார்த்தேன். மீட்டரை வைத்தால் தொடர்பே இல்லை. இன்னும் தேய்த்த பிறகுதான் பளபளவென்று இரும்பு தெரிந்தது. நல்ல லக், நட்சத்திர வாஷர், இறுக்கி முறுக்கிய பிறகு மேலே கிரீஸ். சென்னைக் காற்றில் திறந்த இரும்பு ஒரு மழைக்காலம் தாங்காது. பவர் ஒயர் பக்கத்தில் படுத்திருந்த ஆர்.சி.ஏ. கேபிளையும் வண்டியின் மறுபக்கத்துக்கு மாற்றினேன்.

மீட்டரில் 0.03. ஸ்டார்ட் செய்து, மிதித்து, காதைக் கதவில் வைத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை. அப்புறம் மிருதங்கம் போட்டேன். தொப்பியில் உள்ளங்கை இழுத்துச் செல்லும் அந்தக் ‘கூம்’ கதவு கைப்பிடியில் வைத்திருந்த விரலுக்கே தெரிந்தது. கூடவே கதவுப் பலகையில் ஏதோ ஒரு கிளிப் கிடுகிடுவென்று ஆடியதும் கேட்டது. அது தனி வேலை.

இரண்டு வாரம் கழித்து மேடவாக்கத்திலிருந்து அவனே கூப்பிட்டான். வேறு ஒரு கார் எடுக்கப் போகிறானாம். “அண்ணா, நீங்கதான் அந்த ஆம்ப் பிரச்சினைன்னு சொல்லிட்டே இருந்தீங்களே, குடுத்த விலைக்கே திருப்பி எடுத்துக்கவா?”

“வேண்டாம் தம்பி, அது அடிக்கடி சிவப்பு லைட் காட்டும், உனக்குச் சரிப்படாது” என்றேன். அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது.