லெத்பிரிட்ஜில் கண்ட வண்ணச் சுருள்

கால்கரியிலிருந்து தெற்கே இரண்டு மணி நேரம் காரோட்டி லெத்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தேன். வழியெங்கும் புல்வெளியும் காற்றும்தான். கனடாவின் இந்த வறண்ட சமவெளி சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது. அதில் வாழ்ந்து மடிந்த, அம்மோனைட் என்னும் சுருளோட்டுக் கடலுயிரிகளின் புதைபடிவங்களைப் பார்க்கவே வந்திருந்தேன்.

ஊரில் ஒரு கடையில், தாம்பாளம் அளவுள்ள பிளாசென்டிசெரஸ் வகைச் சுருள் ஒன்றை மேசைமேல் வைத்திருந்தார்கள். முதலில் செக்கச்செவேலென்று தெரிந்தது, ஓரடி நகர்ந்ததும் பச்சையாயிற்று. குனிந்து பார்த்தபோது விளிம்பில் நீலம் ஓடி மறைந்தது. சாயம் பூசியிருப்பார்களோ என்று ஐயுற்றேன். உண்மையில் அந்த ஓட்டில் நிறமி ஏதும் இல்லை. சிப்பியின் உட்புறத்தைப் போலவே, அரகோனைட் என்னும் சுண்ணாம்புக் கனிமத்தின் நுண்தகடுகள் அடுக்கடுக்காக அமைந்திருக்க, அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு, அடுக்கின் தடிமனுக்கேற்ற நிறத்தை மட்டும் எடுத்துக் காட்டுகின்றன. தடித்த அடுக்குகள் சிவப்பும் பச்சையும் தரும். மெலிந்தவை நீலமும் ஊதாவும் தரும்; அவை எளிதில் சிதைவதால் அந்நிறங்கள் அரிது, விலையும் அதிகம்.

அரகோனைட் பொதுவாகக் காலப்போக்கில் கால்சைட் என்னும் வேறொரு சுண்ணாம்புக் கனிமமாக மாறி ஒளியிழந்துவிடும். இங்கே பேர்பா எனப்படும் பாறையடுக்கின் களிப்பாறை அதைக் காத்திருக்கிறது. செயின்ட் மேரி ஆறு அரித்த கரைகளில் இந்தப் பாறை வெளித்தெரிகிறது.

இப்பகுதியின் பூர்வகுடிகளான பிளாக்ஃபுட் மக்கள் அம்மோனைட் துண்டுகளை 'இனிஸ்கிம்', அதாவது எருமைக்கல், என்று அழைத்து, காட்டெருமை வேட்டைக்குத் துணை நிற்கும் புனிதப் பொருளாகப் போற்றினர். நம் பூஜையறைச் சாளக்கிராமமும் இதே அம்மோனைட் குலத்தது என்பது அங்கே நின்றபோதுதான் என் நினைவுக்கு வந்தது.

வண்ண அடுக்கைத் தனியே பிரித்து மெருகேற்றினால் அது அம்மோலைட் என்னும் மணிக்கல். 1981-இல் சர்வதேச நகை அமைப்பான சிப்ஜோ அதை ஏற்றுக்கொண்டது. மிக மெல்லியதும் மென்மையானதுமான அதன் மேல் குவார்ட்ஸ், ஸ்பினல் போன்ற கடினமான தெளிகல்லை மூடிபோல ஒட்டி மோதிரத்தில் பதிக்கிறார்கள். என் கண்ணுக்கு மோதிரக்கல்லைவிட, விரிசல்களோடு கிடக்கும் முழுச் சுருளே அழகு.

அதன் விலையோ என் விமானக் கட்டணத்தைவிடப் பல மடங்கு. லெத்பிரிட்ஜ் உள்ள ஆல்பர்ட்டாவில் 1978 முதல் புதைபடிவங்கள் மாகாணத்தின் சொத்து என்பதால், உரிமைச் சான்று இல்லாத சுருளை வாங்கக் கூடாது என்று கடைக்காரர் எச்சரித்தார். கடைசியில் கட்டைவிரல் நகமளவு பச்சைச் சில்லு ஒன்றை வாங்கினேன். அதற்கு அவர் எழுதிக் கொடுத்த ரசீது, சில்லைப் போல நாற்பது மடங்கு பெரிதாக இருந்தது.