பல கிழங்குகளுக்கு ஒரே அறுவடைக் கருவி: வடிவமைத்த அனுபவம்

கிழங்கு அறுவடைக் கருவியை வடிவமைக்க உட்கார்ந்ததும் முதல் வேலையாக மண்ணைக் கணக்குப் போட்டேன். 60 செ.மீ. இடைவெளியில் போட்ட உருளைக்கிழங்குப் பாரை (செடி நிற்கும் மண் மேட்டை) 20 செ.மீ. ஆழத்துக்குத் தோண்டினால், பாரின் இரு சரிவுகளையும் கழித்துவிட்டு, ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 0.1 கன மீட்டர் மண், அதை வெட்டும் இரும்பு அலகான கொழுவின் மேல் ஏறும். கன மீட்டருக்கு 1,400 கிலோ என்று வைத்தால் 140 கிலோ. ஹெக்டேருக்கு 25 டன் விளைந்தாலும் அந்த ஒரு மீட்டரில் இருக்கும் கிழங்கு ஒன்றரைக் கிலோதான். டிராக்டர் மணிக்கு 2 கி.மீ. வேகத்தில் மெதுவாக நகர்ந்தாலும் நொடிக்கு 78 கிலோ மண் கருவிக்குள் வந்துகொண்டே இருக்கும். இந்த எண்களைத் தாளின் மேல் மூலையில் எழுதிவைத்துவிட்டுத்தான் மற்றதைத் தொடங்கினேன். ஒன்றரைக் கிலோவைக் காயப்படுத்தாமல் 140 கிலோவை உதிர்த்துவிடுவதுதான் இந்தக் கருவியின் வேலை.

ஏன் ஒரே கருவி? ஒரு கிழங்கின் அறுவடை சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. மீதி ஆண்டு முழுவதும் அதற்கான கருவி கொட்டகையில் துருப்பிடிக்கிறது. உருளை, கேரட், சர்க்கரைவள்ளி, மரவள்ளி என்று மாற்றி மாற்றிப் பயிரிடும் சிறு விவசாயி ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவி வாங்க முடியாது. வாங்காவிட்டால், குனிந்த முதுகு நிமிராமல் மண்வெட்டியால் தோண்ட வேண்டும். ஆள் கிடைக்காத நாளில் கிழங்கு மண்ணுக்குள்ளேயே கிடந்து வீணாகும். பலபயன் கருவி என்பது விற்பனைக்காகச் சொல்லும் வார்த்தையாகவே பல இடங்களில் இருக்கிறது. எனக்கு அது உண்மையிலேயே பலருக்குப் பயன்பட வேண்டும் என்ற ஆசை.

வரைபடத்துக்கு முன் வயலுக்குப் போனோம். ஒவ்வொரு பயிரிலும் பாருக்குக் குறுக்கே ஒரு குழி வெட்டி, அதன் சுவரைக் கரண்டியால் செதுக்கிச் சமப்படுத்தி, அளவுகோலை நட்டுவைத்து, எந்தக் கிழங்கு எந்த ஆழத்தில், செடியிலிருந்து எவ்வளவு தள்ளிக் கிடக்கிறது என்று குறித்தோம். செலவே இல்லாத இந்த வேலையைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். புத்தகத்தில் இருக்கும் சராசரி ஆழத்தை வைத்துக் கொழுவை வரைந்தால், சராசரிக்குக் கீழே கிடக்கும் கிழங்குகள் அத்தனையும் வெட்டுப்படும். நமக்கு வேண்டியது ஆகக் கீழே கிடக்கும் கிழங்கின் அடிப்பகுதி.

அந்தக் குழிச் சுவர்கள் நான்கு பயிரையும் நான்கு குணமாகக் காட்டின. உருளை பாருக்குள் கூட்டமாக, ஓரளவு மேலாகவே கிடக்கிறது. கொத்தாகத் தூக்கிச் சலித்துவிடலாம். கேரட் நேராக இறங்கி நிற்கிறது. 20 முதல் 25 செ.மீ. நீளமுள்ள வேரைப் பக்கவாட்டில் சற்றே வளைத்தாலும் பட்டென்று ஒடிகிறது. ஆகவே கொழு வால்நுனிக்குக் கீழே நுழைந்து, மண்ணோடு சேர்த்து மேல்நோக்கி மட்டும் தளர்த்த வேண்டும். சர்க்கரைவள்ளியில் கிழங்கைவிடக் கொடிதான் தொல்லை. தோலோ நகம் பட்டாலே உரியும் அளவுக்கு மெல்லியது. மரவள்ளி நாலாபக்கமும் விரல் விரித்தாற்போல ஓடுகிறது; 35 செ.மீ. ஆழம் போகாமல் அதைத் தொடவே முடியாது.

இந்த நான்கையும் ஒரே கொழு, ஒரே சல்லடையில் அடக்கப் பார்ப்பது வீண்முயற்சி. எது எல்லாப் பயிருக்கும் பொதுவோ அதைக் கனமாக, நிரந்தரமாகச் செய்வது. எது பயிருக்குப் பயிர் மாறுமோ அதைக் கழற்றி மாட்டும்படி செய்வது என்று முடிவெடுத்தேன். சட்டகம், டிராக்டரில் மாட்டும் மும்முனை இணைப்பு, டிராக்டரின் பின்புறச் சுழல்தண்டான பி.டி.ஓ.விலிருந்து சக்தி எடுக்கும் கியர் பெட்டி, ஆழத்தைக் கட்டுப்படுத்தும் இரு சக்கரங்கள் ஆகியவை பொது. கொழு, சல்லடை, கொடி வெட்டும் தட்டுகள் ஆகியவை மாறுபவை. சொல்லும்போது எளிதாகத் தெரியும் இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் வடிவமைப்பின் பாதி உழைப்பு போனது.

அடுத்தது அதிர்வு. மண்ணை வெறுமனே இழுத்து வெட்டுவதைவிட, கொழுவை முன்னும் பின்னும் ஆட்டியபடி வெட்டினால் இழுவிசை குறைகிறது. ஆனால் எப்படி ஆட்டினாலும் குறைந்துவிடாது. கொழு ஆடும் உச்ச வேகம் டிராக்டர் முன்னேறும் வேகத்தைவிட அதிகமாக இருந்தால்தான் ஒவ்வொரு சுற்றிலும் கொழு ஒரு கணம் மண்ணிலிருந்து பின்வாங்கும். இழுவிசை நன்றாகக் குறைவது அப்போதுதான். பி.டி.ஓ.வின் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9. கொழுவை ஆட்டும் எக்சென்ட்ரிக்கின் (மையம் விலகிச் சுழலும் வட்டின்) விலகலை 10 மி.மீ. வைத்தால் கொழுவின் உச்ச வேகம் நொடிக்குச் சுமார் 0.57 மீட்டர். மணிக்கு 2 கி.மீ. என்பது நொடிக்கு 0.56 மீட்டர். மயிரிழை வித்தியாசம்! 3 கி.மீ. வேகத்தில் போக வேண்டுமானால் விலகல் 15 மி.மீ. ஆக வேண்டும். அப்போது உச்ச முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. போல்ட்டுகள் தளரும், வெல்டிங் மூட்டுகளில் விரிசல் விழும்.

வேகத்தையும் ஆயுளையும் எடைபோட்டுப் பார்த்து, 10 மி.மீ. விலகலையே வைத்துக்கொண்டு 2 கி.மீ.யை ஒட்டி ஓட்டுவது என்று தீர்மானித்தோம். கொழுவும் சல்லடையும் ஒரே திசையில் ஆடினால் டிராக்டர் ஓட்டுநரின் முதுகெலும்பு வரை ஆட்டம் ஏறும். ஆகவே இரண்டுக்குமான எக்சென்ட்ரிக்குகளை எதிரெதிர்த் திசையில், 180 பாகை தள்ளி அமைத்தோம். ஒரு பக்கத்தின் எடையை அதன் விலகலால் பெருக்கினால் வரும் அளவு, மறுபக்கத்தின் அளவுக்குச் சமமாக வேண்டும். எங்கள் சல்லடை கொழுத் தொகுதியைவிட இருமடங்கு கனம் என்பதால் அதன் விலகல் பாதியானது. கிழங்குக்கும் அது நல்லதாகப் போயிற்று. மென்மையாக ஆடும் சல்லடையில் உருளை துள்ளிக் குதிக்காமல் உருண்டு வந்தது. மேலே மண் ஏறியதும் எடை மாறும், சமநிலை கொஞ்சம் குலையும். அது முழுமையாகத் தீராது, ஆனால் பொறுத்துக்கொள்ளும் அளவுக்குள் நின்றது.

சல்லடையைத் தாங்கும் கைகளுக்கு பியரிங் போடலாம் என்று பட்டறையில் சொன்னார்கள். புழுதியில் பியரிங் தாக்குப்பிடிக்காது. கிரீஸ் வைத்தால் மணல் அதில் ஒட்டி உப்புத்தாள் ஆகிவிடும். குறைந்த கோணத்தில் ஆடும் மூட்டுகளுக்கு ரப்பர் புஷ் போதும் என்று வாதாடி அதையே வைத்தேன். எண்ணெயும் வேண்டாம், சத்தமும் இல்லை.

கருவி நீளமாக ஆக ஆக இன்னொரு ஆபத்து. பின்னால் தொங்கும் எடை டிராக்டரின் முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும், திருப்பும் பிடி போய்விடும். டிராக்டரின் சொந்த எடையில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு முன் அச்சில் இருக்க வேண்டும் என்ற விதியை வைத்துக்கொண்டு, சல்லடையின் நீளத்தை அதற்கேற்பக் குறைத்தேன். கிழங்கைத் தூக்கி வண்டியில் கொட்டும் ஏற்றிப் பட்டையையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டவர்கள் உண்டு. சேர்த்தால் இன்னும் பெரிய டிராக்டர் தேவைப்படும்; யாருக்காகச் செய்கிறோமோ அவர்களிடம் அது இல்லை. வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன்.

வயல் சோதனையில் மிகவும் கற்றுக்கொடுத்தது ஒரு டப்பா பெயிண்ட். கொழுவுக்கும் அதன் பின்னால் உள்ள தகட்டுக்கும் வெளிர் நிறப் பெயிண்ட் பூசிவிட்டுச் சில பார்களை ஓட்டினோம். மண் வழுக்கி ஓடிய இடமெல்லாம் பெயிண்ட் தேய்ந்து இரும்பு பளபளத்தது. கொழுவும் சல்லடையும் சேரும் இடத்தில் மட்டும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் அப்படியே இருந்தது. அதன் மேல் ஈர மண் அப்பி, கெட்டித்து நின்றது. அங்கே மண் நகரவில்லை, மேலே வரும் மண் அதன்மீது ஏறிச் செல்கிறது. கொழுவின் கோணம் நாம் வரைந்த 20 பாகையாக இல்லாமல் செங்குத்தாக ஆகிவிடுகிறது, இழுவிசை கூடுகிறது. அந்த இடத்தில் இருந்த முழுத் தகட்டை எடுத்துவிட்டு இடைவெளி விட்ட விரல்களாக மாற்றியதும் மண் தேங்கவில்லை. ஒட்டும் களிமண்ணில் தகட்டுப் பரப்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நிம்மதி.

ஈரம்தான் எஜமானன். உள்ளங்கையில் மண்ணை எடுத்து உருட்டினால் கயிறுபோல் நீளுமானால் அன்று சல்லடை அடைத்துக்கொள்ளும். எந்த வடிவமைப்பும் அதற்கு ஈடுகொடுக்காது. காய்ந்து இறுகினால் கட்டிகள் கிழங்கின் அளவிலேயே வரும், சல்லடைக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. அறுவடைக்குச் சில நாள் முன்பு லேசாகப் பாய்ச்சி, பொலபொலவென்று உதிரும் பதத்தில் கருவியை இறக்குவதே சரி. இதைக் கருவியோடு தரும் குறிப்பில் முதல் வரியாகவே போட்டிருக்கிறேன்.

சர்க்கரைவள்ளியில் கொடி சுழலும் தண்டில் சுற்றி, கயிறாக முறுக்கிக்கொண்டு, சுமை மிஞ்சினால் முதலில் முறியவே வைத்திருக்கும் ஷியர் போல்ட்டை வெட்டியது. கருவி பிழைத்தது அந்தச் சின்ன போல்ட்டால்தான். அதற்குப் பதில் கடினமான போல்ட்டை மாட்டினால் அடுத்து உடைவது கியர் பெட்டி. கொடியை முன்கூட்டியே அறுத்து அகற்றுவதோடு, கொழுவின் இரு பக்கமும் வட்ட வெட்டுத் தட்டுகளை வைத்த பிறகு சுற்றுவது நின்றது. கூடவே பி.டி.ஓ. தண்டுக்கு முழு உறை போட்டோம். நொடிக்கு ஒன்பது முறை சுழலும் தண்டில் துணி நுனி சிக்கினால் இழுத்துக்கொள்ளக் கண்மூடித் திறக்கும் நேரம்கூட ஆகாது. உறை இல்லாமல் யாருக்கும் இந்தக் கருவியைக் கொடுக்க மாட்டேன்.

காயத்தை அளப்பதற்குப் பொறுமை வேண்டும். வெட்டு, தோல் உரிதல் கண்ணுக்குத் தெரியும். உருளையின் உள்காயம் தோண்டிய அன்று தெரியாது. தோண்டிய கிழங்குகளில் ஒரு மாதிரியை எடுத்து, 35 பாகை செல்சியஸ் அளவில் ஈரக்காற்றுள்ள பெட்டியில் ஓர் இரவு வைத்து, மறுநாள் தோலைச் சீவிப் பார்த்தோம். சதைக்குள் சாம்பல்நீலத் திட்டுகள். எங்கே அடிபடுகிறது என்று தேடினால், சல்லடையின் பின்முனையிலிருந்து தரையில் விழும் இடம். விழும் உயரம் 15 செ.மீ.யைத் தாண்டக் கூடாது என்பது உருளைக்குச் சொல்லப்படும் வரம்பு. பின்முனையைத் தாழ்த்தி, அதில் ரப்பர் பட்டைகளைத் தொங்கவிட்டோம். சல்லடையின் பெரும்பகுதி நீளத்துக்குக் கொஞ்சம் மண் கூடவே பயணிக்கும்படி ஆட்டத்தைச் சரிசெய்தோம். மண்ணை மிக விரைவாகச் சலித்துவிட்டால் கிழங்கு வெறும் கம்பியில் அடிபடுகிறது. முதலில் போட்ட கணக்கில் சுமையாகத் தெரிந்த மண், இங்கே கிழங்குக்குக் காவல். இன்னொன்று: தழையை அழித்து இரண்டு மூன்று வாரம் தோல் முற்ற விட வேண்டும். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் தோல் நழுவாத கிழங்கைத்தான் தோண்ட வேண்டும்.

மரவள்ளியில் சல்லடையையே கழற்றிவிட்டேன். 90 செ.மீ. அகலம், 35 செ.மீ. ஆழம் என்றால் மீட்டருக்கு 400 கிலோவுக்கு மேல் மண். அதைத் தூக்கிச் சலிக்க நினைப்பது தேவையற்ற செலவு. தண்டை 20, 30 செ.மீ. விட்டு அறுத்துவிட்டு, ஆழக் கொழு கீழே போய் மண்ணைத் தூக்கி உடைத்தால், ஆள் அந்தத் தண்டைப் பிடித்துக் கொத்தாக உருவிவிடலாம். வெட்டுப்பட்ட மரவள்ளி இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கோடு விழுந்து கெட்டுவிடும். ஆகவே இங்கே வேகத்தைவிட ஆழம் தவறாமல் இருப்பதற்கே முதலிடம். கேரட்டுக்கும் சல்லடை இல்லை; தளர்த்திவிட்டால் தழையைப் பிடித்து எடுத்துக்கொள்கிறார்கள்.

கழற்றி மாட்டும் இடங்களில் எல்லாம் ஒரே அளவு பின், ஒரே அளவு போல்ட், ஒரே ஸ்பானர். மும்முனை இணைப்பின் கீழ்ப் பின்கள் முதல் வகை டிராக்டருக்கு 22 மி.மீ., இரண்டாம் வகைக்கு 28 மி.மீ.; இரண்டுக்கும் பொருந்தும் புஷ்களைச் சட்டகத்திலேயே சங்கிலியால் கோத்திருக்கிறோம், தொலையாமல் இருக்க. கொழுவின் முனை போரான் எஃகு, தேய்ந்தால் திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் பயன்படுத்தலாம். இப்போது கையில் இருக்கும் வேலை, ஆழச் சக்கரத்தின் திருகை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே மாற்றும்படி செய்வது. வயலின் ஒரு முனையில் மணலும் மறுமுனையில் களியும் இருக்கும் நிலத்தில், இறங்கி ஏறச் சோம்பிப்போய் ஒரே ஆழத்தில் ஓட்டிவிடுகிறார்கள். வெட்டுப்படும் கிழங்குகளில் பெரும்பகுதி அங்கேதான் வருகிறது.