ஊசி, கிளிசரின், ஒரு சாண் தண்ணீர்

அப்பாவுக்குக் கல் அடைத்து இரண்டு நாள் வலியில் துடித்தபோது தொற்றிக்கொண்ட கேள்வி இது. சிறுநீரகத்துக்குள் முடியைவிட மெல்லிய நுண்குழல்கள் இருக்கின்றனவே, அவற்றில் திரவத்தை எது தள்ளுகிறது? இரத்தத்திலிருந்து வடியும் திரவம் முதலில் வந்து சேரும் பௌமன் கிண்ணத்தில் அழுத்தம் சுமார் 15 மி.மீ. பாதரசம் என்று பாடப்புத்தகத்தில் படித்தேன். தண்ணீர்க் கணக்கில் அது 20 செ.மீ., கிட்டத்தட்ட ஒரு சாண். அந்த ஒரு சாணை வைத்தே செய்து பார்க்க முடிவு செய்தேன்.

பெட் பாட்டிலின் அடியில் 18ஆம் எண் மருத்துவ ஊசியைக் குத்தி எம்சீல் வைத்து அடைத்தேன். ஊசிக்கு மேலே 20 செ.மீ.யில் மார்க்கர் கோடு. மட்டம் கோட்டைவிட்டு இறங்காதபடி டம்ளரால் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 50 மி.லி. பிடிக்க 1 நிமிடம் 49 விநாடி ஆனது. இன்னொரு பாட்டிலில் அதே ஒன்றரை அங்குல நீளத்தில், துளை இன்னும் சிறிய 21ஆம் எண் ஊசி: 9 நிமிடம் 2 விநாடி. அதாவது ஐந்து மடங்கு.

ஆனால் பாய்சொய் விதிப்படி ஐந்து வரக்கூடாது. ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. உள்விட்டங்கள் 0.838, 0.514 மி.மீ.; ஏழு மடங்கு வர வேண்டும். (பாய்சொய் ஒரு மருத்துவர். இரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்ளத்தான் கண்ணாடி நுண்குழாய்களில் அளந்தார். அதனாலேயே இந்த விதி எனக்கு நெருக்கமானது.)

மூன்று முறை அளந்தும் அதே ஐந்துதான். ஓட்டத்தில் உரசலோடு ஒப்பிட்டால் நிலைமத்தின் பங்கு எவ்வளவு என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண்ணைக் கணக்கிட்ட பிறகே காரணம் பிடிபட்டது. பெரிய ஊசியில் அது 800ஐத் தொட்டது. அழுத்தத்தில் கணிசமான பகுதி தண்ணீரை வேகப்படுத்துவதிலேயே செலவாகிறது, மீதிதான் சுவரோடு உரசுவதில். சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகான நெஃப்ரானில் கதை வேறு. நிமிடத்துக்கு 125 மி.லி. வடிகட்டலைச் சுமார் 20 லட்சம் நெஃப்ரான்கள் பங்கிட்டுக்கொண்டால், ஒன்றுக்கு விநாடிக்கு ஒரு நானோலிட்டர். உள்விட்டம் 25 மைக்ரான் என்று வைத்தால் வேகம் விநாடிக்கு 2 மி.மீ., ரெனால்ட்ஸ் எண் 0.07. அங்கே நிலைமத்துக்கு வேலையே இல்லை.

ஆகவே ஊசியிலும் நிலைமத்தை ஒடுக்க, எடையில் மூன்று பங்கு கிளிசரினும் இரண்டு பங்கு தண்ணீரும் கலந்தேன். பாகுநிலை தண்ணீரைப்போல் சுமார் பத்து மடங்கு. முதலில் ஊசிமுனையில் சொட்டு உப்பித் தொங்கியது, விழுந்தது, அடுத்தது உப்பியது. அந்தச் சொட்டின் பரப்பு இழுவிசையே அளவைக் கெடுக்கும். முனையைக் கண்ணாடிச் சுவரில் ஒட்டி வைத்ததும் நூல்போல் வழியத் தொடங்கியது. 10 மி.லி.க்குப் பெரிய ஊசியில் 1 நிமிடம் 52 விநாடி, சிறியதில் 13 நிமிடம் 1 விநாடி. வகுத்தால் 6.97! நோட்டில் எழுதும்போது கை நடுங்கியது.

பிறகு அதே விதியை, பௌமன் கிண்ணத்தை அடுத்து வரும் அண்மைச் சுருள்குழலுக்குப் போட்டேன். நீளம் 14 மி.மீ.; போகும் வழியிலேயே மூன்றில் இரண்டு பங்கு திரவம் உறிஞ்சப்படுவதையும் சேர்த்தால், அழுத்த இழப்பு சுமார் 5 மி.மீ. பாதரசம். நான்கு விரற்கடைத் தண்ணீர், அவ்வளவுதான். ஆனால் அதே ஓட்டத்துக்கு விட்டம் 25 மைக்ரானிலிருந்து 20 ஆனால் 12 மி.மீ. தேவைப்படும். இருக்கும் 15இல் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்து, கசியும் குழாய். மீன்தொட்டி சிலிகோன் குழாயில் தையல் ஊசியால் துளையிட்டேன். ஒரு சாண் அழுத்தத்துக்கு ஒரு சொட்டும் வரவில்லை, துளைகள் தாமாகவே மூடிக்கொண்டன. காடாத்துணியைக் குழாயாகத் தைத்தபோது முதல் நான்கு அங்குலத்திலேயே எல்லாம் வெளியேறிவிட்டது. இரண்டுமே தவறான வழி என்று இப்போது படுகிறது. நுண்குழல் அழுத்தத்தால் கசிவதில்லை. சுவர்ச் செல்கள் சோடியத்தை வெளியே இறைக்க, தண்ணீர் சவ்வூடு பரவலால் பின்தொடர்கிறது. அதனால் இந்த வாரம் செலோபேன் தாளைக் குழாயாகச் சுருட்டி, கெட்டியான சர்க்கரைக் கரைசலுக்குள் படுக்க வைத்திருக்கிறேன்.