கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே

இங்கிலாந்தின் பாத் நகரில், பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, பதினெட்டாம் நூற்றாண்டுக் கல்வீடு ஒன்றை அளந்து படம் வரைவது. நேரே தெருப்பக்கம் போய் நின்றேன். தேன் நிறக் கல். முதல் மாடியில் ஆளுயரத்தைத் தாண்டிய, மேலும் கீழும் நகர்த்தித் திறக்கும் சாஷ் ஜன்னல்கள். மேலே போகப் போக அவை குள்ளமாகின்றன. விருந்தினருக்கான கூடம் முதல் மாடியில், வேலைக்காரர்கள் படுத்தது கூரையடியில். ஜன்னலின் உயரமே அந்த அறை யாருக்கானது என்று சொல்லிவிடும்.

"பின்பக்கம் பார்த்துவிட்டு வா" என்றார் எங்கள் மூத்த கல்தச்சர். போனால், அது வேறு வீடு! ஒழுங்கில்லாத கற்கள், மட்டம் சேராத ஜன்னல்கள், பிதுங்கி நிற்கும் அறைகள். இதே ஊரில் கட்டடக் கலைஞர் இளைய ஜான் வுட் 1767-இல் ராயல் கிரசன்ட் என்ற பிறைவடிவ வீட்டு வரிசையைத் தொடங்கியபோது, 30 வீடுகளுக்கும் சேர்த்து ஒரே முகப்பை வரைந்தார். வாங்கியவர்கள் அதில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, பின்னால் தங்கள் வசதிக்குக் கட்டிக்கொண்டார்கள். நான் அளந்த வீடும் அந்த வழக்கத்தில் எழுந்ததுதான். தெருவுக்குக் காட்டும் மரியாதை முன்னால், குடும்பத்தின் தேவை பின்னால். எனக்குப் பின்பக்கம்தான் அதிகம் பிடித்தது.

சரி, நான் செய்த தவறுக்கு வருகிறேன். கல்லும் கல்லும் சேரும் மூட்டுகளில் சாந்து உதிர்ந்திருந்தது. கெட்டியாக இருக்கட்டும் என்று அறிக்கையில் சிமென்ட் பாயிண்டிங், அதாவது மூட்டுகளைச் சிமென்ட்டால் அடைக்கவேண்டும் என்று எழுதிவிட்டேன். கல்தச்சர் திட்டவில்லை. முன்பு யாரோ சிமென்ட் பூசியிருந்த ஒரு மூலைக்குக் கூட்டிப்போய், சுவரில் கை வைக்கச் சொன்னார். சிமென்ட் மட்டும் விலா எலும்பு மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. நடுவில் இருந்த கல் குழிந்து, விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது.

பாத் கல் ஒரு சுண்ணாம்புக்கல். உற்றுப் பார்த்தால் மீன் சினை போல உருண்டை உருண்டையான துகள்கள் தெரியும். ஊருக்குத் தெற்கே கூம் டவுன் சுரங்கங்களிலிருந்து வெட்டிய புதிதில் ரம்பத்தால் அறுக்கும் அளவுக்கு மென்மை. காயக் காய இறுகும். அந்தக் கல்லுக்குள் மழைநீர் போகத்தான் செய்யும். சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது, ஈரத்தை மூட்டு வழியே வெளியே விட்டுவிடும். சிமென்ட் விடாது. அப்போது ஈரம் கல்லின் வழியாகவே வெளியேறும். கூட வரும் உப்பு மேற்பரப்பில் படிகமாகி அதை உரிக்கும். மிச்சத்தைப் பனி உடைக்கும். தேயவேண்டியது சாந்து, கல் அல்ல. சாந்தை மாற்றிக்கொள்ளலாம், 250 வருடக் கல்லை மாற்ற முடியுமா?

அறிக்கையைத் திருத்தி எழுதினேன். பழைய சிமென்ட்டைக் கல்லின் விளிம்பு உடையாமல் கையுளியால் எடுக்கவே வாரக்கணக்கில் ஆனது. உறைபனி வருவதற்குள் சுண்ணாம்பு இறுகவேண்டும் என்பதால், செப்டம்பரிலேயே கற்களின் கடைசி இடுக்கையும் அடைத்து, ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டுச் சாரத்திலிருந்து இறங்கினோம்.