செஸ்னா 182-க்கு மாறினப்போ நான் கோட்டை விட்ட 4 மணி நேரம்

அமெரிக்காவுல பிரைவேட் பைலட் லைசென்ஸ் வாங்கி, வாடகைக்கு எடுத்த செஸ்னா 172-ங்கற சின்ன ப்ளேன்லயே 140 மணி நேரம் ஓட்டிட்டு, ரெண்டு ஃப்ரெண்ட்ஸோட பங்கு போட்டு பழைய 182 ஒண்ணு வாங்கினேன். பாக்க ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், அதனால என்ன பெரிய வித்தியாசம்னு அசால்ட்டா இருந்துட்டேன்.

எங்க 182 எஞ்சின் 230 ஹார்ஸ்பவர். 200-க்கு மேல போனா ஹை பெர்ஃபார்மன்ஸ் எண்டார்ஸ்மென்ட் வேணும், அதாவது இந்த மாதிரி ப்ளேனை ஓட்டலாம்னு இன்ஸ்ட்ரக்டர் எழுதித் தர்ற ஒப்புதல். "மேல"ங்கறத கவனிங்க, சரியா 200 இருக்கிற பைப்பர் ஆரோவுக்கு இது தேவையில்ல, ஆனா அதுல சக்கரம் உள்ள மடங்கும், அதனால காம்ப்ளெக்ஸ் எண்டார்ஸ்மென்ட் வேணும், பரீட்சைக்குப் படிக்கிறவங்க இங்கதான் குழம்புவாங்க. இதுக்கு இத்தனை மணி நேரம்னு எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு) கணக்கு வைக்கல, இன்ஸ்ட்ரக்டருக்கு திருப்தின்னா லாக்புக்ல கையெழுத்து போட்டுடலாம். ட்வின் எஞ்சின் ரேட்டிங்குக்கு சொல்லித் தர்றவர்தான் அதே மாடல்ல 5 மணி நேரமாவது பைலட் இன் கமாண்டா, அதாவது ப்ளேனுக்கு முழுப் பொறுப்பான பைலட்டா, பறந்திருக்கணும், சிங்கிள் எஞ்சினுக்கு அந்த மாதிரி ரூல் கிடையாது.

நானும் எனக்கு 172 சொல்லிக் கொடுத்தவரையே கூப்பிட்டு 4 மணி நேரம் பறந்தேன், எண்டார்ஸ்மென்ட்டும் வந்துடுச்சு. இன்ஷூரன்ஸ் ப்ரோக்கர்கிட்ட சொன்னா, அந்த மணி நேரம் எதுவும் சேராதுங்கறார். பாலிசில யார் ஓட்டலாம்னு சொல்ற பைலட் க்ளாஸ் (clause)னு ஒரு பத்தி, அதுல என் பேருக்கு நேரா 10 மணி நேரம் டூயல் (இன்ஸ்ட்ரக்டர் கூட உக்காந்து பறக்கறது), அதுவும் 182-ல 25 மணி நேரம் ஓட்டின இன்ஸ்ட்ரக்டரோடன்னு போட்டிருக்கு. நம்மாளு 182-ல மொத்தமே 8 மணி நேரம்தான். அந்த 4 மணி நேரத்துல ஏதாவது ஆயிருந்தா க்ளெய்ம் என்ன கதி ஆயிருக்கும்னு நெனச்சா இப்பவும் வயித்த கலக்குது.

ரெண்டாவதா வந்த இன்ஸ்ட்ரக்டர் வயசானவர், ப்ளேன் பக்கமே போகாம மொதல்ல பாலிசிய காட்டுன்னார், என்னைய எங்க கவர் பண்ணியிருக்குன்னு கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான், ஓனரோட பாலிசி இன்ஸ்ட்ரக்டரையும் தானா காப்பாத்தும்னு சொல்ல முடியாது, கம்பெனி ஓனருக்கு காசு கொடுத்துட்டு அப்புறம் அந்த இன்ஸ்ட்ரக்டர் மேலயே கேஸ் போடலாம். வாடகைக்கு ஓட்டுறவங்களுக்கும் இதே கதைதான், க்ளப் பாலிசி க்ளப்பைத்தான் பாக்கும், ரெண்டர்ஸ் இன்ஷூரன்ஸ் தனியா எடுத்துக்கோங்க.

அந்த 10 மணி நேரம் தண்டம்னு நெனச்சேன், ஆனா மூணாவது லேண்டிங்லயே புரிஞ்சுது. 182-க்கு மூக்கு கனம், முன்சீட்டுல ரெண்டு பேர் மட்டும் இருந்தா இன்னும் மோசம், 172 நெனப்புல லேசா இழுத்தா மூக்கு சக்கரம்தான் மொதல்ல தரையில குத்தும், எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற ஃபயர்வால் தகடு நெளிஞ்சுடும். பழைய 182 வாங்கறப்போ மெக்கானிக் மொதல்ல குனிஞ்சு பாக்கறதே அந்த நெளிவு இருக்கான்னுதான். கண்ட்ரோல பிடிச்சு இழுக்கிற பாரத்தை குறைக்கிற ட்ரிம் சக்கரத்தை நல்லா பின்னாடி சுத்தி வெச்சுட்டு வாங்க, கை வலிக்காது.

எங்க மூணாவது பார்ட்னருக்கு மொத்தமே 70 மணி நேரம்தான். அவனுக்கு 15 மணி நேரம் டூயல், அப்புறம் 5 மணி நேரம் தனியா ஓட்டினாத்தான் ஆளை ஏத்தலாம்னு போட்டுட்டாங்க. இன்னும் 6 மணி நேரம் பாக்கி, அவன் வீட்டம்மா வாரா வாரம் ஏர்போர்ட் வேலிக்கு வெளிய நின்னு கை காட்டிட்டு இருக்காங்க.