மதுரைக்குப் பக்கம் மெட்ராஸா கொழும்பா

அக்காவ கொழும்புல கட்டிக் குடுத்து நாலு வருசமாச்சு, போன மாசந்தான் போய்ப் பாத்துட்டு வர நேரம் வாச்சது. கெளம்புறதுக்கு முந்துன நாள் ராத்திரி மாப்ளகிட்ட "நமக்கு மெட்ராஸ விட கொழும்பு பக்கம்டா"ன்னு சும்மா சொல்லப் போயி அது பன் புரோட்டா பந்தயத்துல வந்து நின்னுருச்சு. "கிறுக்கா உனக்கு, நடுவுல கடல் கெடக்கு"ன்னான். கடல் கெடந்தா தூரமாயிருமா?

போன எடுத்து கணக்கப் பாத்தோம். மதுரைல இருந்து மெட்ராஸ் ரோட்டுல 460 கிலோமீட்டர் போல, ரயில்ல போனா திருச்சி விழுப்புரம்னு சுத்தி அதவிடக் கொஞ்சம் கூட. வானத்துல நேரா கோடு போட்டா 420 சொச்சம். அதே கோட்டக் கொழும்பு ஏர்போர்ட் இருக்க கட்டுநாயக்காவுக்குப் போட்டா 355 தான் வருது! மாப்ள மூஞ்சிய அப்பப் பாக்கணுமே.

சரி 355 கிலோமீட்டர்தானே, பிளேன் மணிக்கு 800ல பறக்குமே, அரை மணி நேரத்துல எறங்கிரலாம்னா டிக்கெட்ல ஒரு மணி நேரம்னு போட்டிருக்கு. அது வேற ஒண்ணுமில்ல, நின்ன எடத்துல இருந்து நகர்ற நேரம் தொட்டு அங்கிட்டுப் போயி நிக்கிற வரைக்கும் சேத்துதான் போடுவாய்ங்க, அதுபோக இம்புட்டு சின்ன தூரத்துல மேல ஏறி முடிச்ச கையோட எறங்க ஆரம்பிச்சுரும், அந்த 800 வேகத்துல ஓடுறதே கொஞ்ச நேரந்தான். திருப்பரங்குன்றம் மலைய ஜன்னல்ல காட்டிட்டு இருந்தேன், சாயல்குடி பக்கமா இருக்கும், கடல் வந்துருச்சு. வேகவேகமா சாண்ட்விச் குடுத்தாங்க, பக்கத்து சீட்டு அம்மா கவரப் பிரிக்க மாட்டாம பல்லால கடிச்சிட்டு இருக்காங்க, அதுக்குள்ள குப்ப வாங்குற வண்டி வந்துருச்சு. கீழ நீர்கொழும்பு களப்பு, சின்னச் சின்ன படகு.

ஆனா ஒண்ணு, மாப்ளைக்கும் ஒரு பாயிண்ட் குடுக்கணும். திருநகர் வீட்ல இருந்து ஏர்போர்ட்டு அரை மணி நேரம், வெளிநாட்டு பிளேனுன்னு மூணு மணி நேரம் முன்னாடியே போய் உக்காந்தது, அங்க இமிகிரேஷன் லைனு, பெட்டி வர்றது, அங்கருந்து அக்கா வீடு இருக்க வெள்ளவத்தைக்கு டிராபிக்ல ஒரு மணி நேரத்துக்கு மேல. கூட்டிப் பாத்தா வைகை எக்ஸ்பிரஸ்ல எழும்பூர் போற நேரம் கிட்டத்தட்ட வந்துருது. பறந்தது மட்டுந்தான் கொஞ்சம், உக்காந்திருந்ததுதான் மிச்சம்.

எங்க தாத்தா அந்தக் காலத்துல கொழும்புல கடைல வேல பாத்தவரு. தனுஷ்கோடி வரைக்கும் ரயிலு, அங்கருந்து தலைமன்னாருக்குக் கப்பலு, மறுபடி கொழும்புக்கு ரயிலு. 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடியே போனதுக்கப்பறம் அந்த வழியும் போச்சு. சாகுற வரைக்கும் 'சிலோன்'னுதான் சொல்லுவாரு, நாங்க திருத்துனாலும் கேக்க மாட்டாரு.

அக்கா வீட்டுக்குள்ள செருப்பக் கழட்டல, அப்பா போன் பண்ணிட்டாரு. "அங்க இப்ப மணி என்னப்பா?" நம்ம மணிதான்ப்பா, ரெண்டு ஊருக்கும் ஒரே நேரம்னேன். "சும்மா சொல்லாத, அக்காகிட்ட குடு"ன்னாரு.